குடகு மலை வீரர்கள்: எங்கிருந்து வந்தார்கள்?

நம் ஊரில் குழந்தை பிறந்தால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சர்க்கரை கொடுப்பார்கள். குடகு மலையில் ஆகாயத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுடுவார்கள்!

ஒரு வெடிச்சத்தம் கேட்டால் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு சத்தம் கேட்டால் யாரோ இறந்துவிட்டார் என்று பொருள். மலைச்சரிவிலே வீடுகள் தூரந்தூரமாக இருக்கும். நடுவிலே காடு. ஆள் அனுப்பிச் செய்தி சொல்வதற்குள் பொழுது போய்விடும். துப்பாக்கிதான் அங்கே தந்தி!

பிறந்த ஆண் குழந்தையின் பிஞ்சுக் கையிலே ஆமணக்குத் தண்டால் செய்த சின்ன வில்லையும் அம்பையும் வைப்பார்கள். பால் குடிக்கும் முன்பே ஆயுதம் பிடிக்கும் குழந்தை!

இவர்கள்தான் குடகர்கள். தங்களைக் "கொடவர்" என்று சொல்லிக்கொள்வார்கள். கர்நாடக மாநிலத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில் இருக்கிறது குடகு மாவட்டம். தலைநகரம் மடிக்கேரி. நம் காவேரி பிறப்பது இந்த மண்ணில்தான்.

கிரேக்கர் கதை

இந்த மக்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்? இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேலாக விதவிதமான பதில்கள் உலவுகின்றன.

"அலெக்சாந்தரின் படையோடு வந்த கிரேக்க வீரர்களில் சிலர் ஊர் திரும்பாமல் தங்கிவிட்டார்கள். அவர்கள் சந்ததிதான் இவர்கள்" என்று ஒரு கதை. "அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள்" என்று மற்றொரு கதை. நிறம், மூக்கு, உயரம், இடுப்பில் பட்டுக்கச்சை கட்டிய கறுப்பு அங்கி இவற்றைப் பார்த்துவிட்டுச் சொன்ன கதைகள் இவை.

காவேரி புராணமோ வேறு சொல்கிறது. மத்ஸ்ய தேசத்து ராஜகுமாரன் சந்திரவர்மன் தேசாந்திரம் போனான், பார்வதி தேவியின் அருளால் இந்த மலையை ஆண்டான், அவன் வம்சமே குடகர்கள் என்பது புராணம்.

புராணம் புராணமாக இருக்கட்டும். அது பக்தர்களின் சொத்து. ஆனால் கிரேக்கர் கதை, அரபுக் கதை ஆகியவற்றுக்கு என்ன ஆதாரம்? ஒரு கல்வெட்டு உண்டா? கிடையாது. ஒரு செப்பேடு உண்டா? கிடையாது. பேச்சிலாவது கிரேக்க வாடை வீசுகிறதா? அதுவும் இல்லை.

அவர்கள் பேச்சைக் கேட்டால் தமிழ்நாட்டுக் கிராமத்தார் திடுக்கிட்டுப் போவார்கள். புது அரிசித் திருநாளுக்கு அங்கே "புத்தரி" என்று பெயர். வீடு "மனெ". கத்தி கத்திதான், பூ பூதான். கதிர் அறுக்கும்போது அவர்கள் போடும் கோஷம் "பொலி பொலி தேவா!" நெற்களத்திலே தூற்றும்போது "பொலி, பொலி" என்று நம் பாட்டன்மார் சொன்னது ஞாபகம் வருகிறதா? அதே சொல், அதே பொருள். பெருகட்டும், பெருகட்டும் என்ற வேண்டுதல்.

குடகர் பேச்சுக்குக் "கொடவ தக்கு" என்று பெயர். தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் பிறந்த அதே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. சங்க நூல்களிலே "குடமலை" என்ற பெயர் வருகிறது. "குடக்கு" என்றால் மேற்கு. குடகர்கள் மேற்கு மலையின் பிள்ளைகள். அந்தப் பெருமை போதாதா? அதற்குமேல் அலெக்சாந்தர் எதற்கு?

நிலமும் துப்பாக்கியும்

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் "வீர ஜாதி" என்று ஒரு பட்டியல் போட்டான். சில ஜாதிகளின் இரத்தத்திலேயே வீரம் ஓடுகிறதாம். மற்ற ஜாதிகளுக்கு அது கிடையாதாம்! பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்காகக் கட்டிவிட்ட கணக்கு அது. இரத்தத்தைச் சோதித்து வீரத்தைக் கண்டுபிடித்த வைத்தியர் இதுவரை யாரும் இல்லை.

குடகரின் வீரத்துக்குக் காரணம் தேட ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். வயலைப் பார்த்தால் போதும்.

ராஜா காலத்திலே குடகுக் குடும்பங்களுக்கு "ஜம்மா" என்ற மானிய நிலம் உண்டு. ஜன்மம் என்ற சொல்தான் ஜம்மா ஆனது. தீர்வை குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை: கொம்பு ஊதிக் கூப்பிட்டால் ஆயுதத்தோடு படைக்கு வரவேண்டும்! அந்த நிலத்தை விற்கக்கூடாது. பங்கு போடக்கூடாது. அது குடும்பம் முழுமைக்கும் பொது.

ஆகவே உழுகிறவனே போர்வீரன். கலப்பை ஒரு கையில். கத்தி மறு கையில். தன் வயலைக் காக்கிறவன் கூலிக்குச் சண்டை போடுகிறவனைப் போல ஓடிப்போவானா?

மலைச்சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான நீண்ட அகழிகள் இன்றும் கிடக்கின்றன. "கடங்க" என்பார்கள். நாட்டுக்கு நாடு, எல்லைக்கு எல்லை வெட்டிய யுத்தக் கால்வாய்கள் அவை. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் பெரும்படையோடு வந்து குடகைப் பிடித்தார்கள். ஆனால் பிடித்ததை நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியவில்லை. 1788-ல் பெரியபட்டணத்துக் காவலிலிருந்து வீரராஜேந்திரன் தப்பி வந்தான். குடகர்கள் அவன் பின்னால் திரண்டார்கள். காட்டுப் பாதைகளில் மறைந்திருந்து தாக்கி நாட்டை மீட்டார்கள்.

இந்த ராஜ வம்சம் குடகர் வம்சம் அல்ல என்பது ஒரு வேடிக்கை. ஹாலேரி ராஜாக்கள் லிங்காயத்துகள். வெளியிலிருந்து வந்தவர்கள். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு ஆண்டார்கள்.

கடைசி ராஜா சிக்க வீரராஜேந்திரன். அவன் கொடுமை தாங்காமல் பெரிய குடும்பத்தார் மனம் கசந்தார்கள். 1834-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மடிக்கேரிக்குள் நுழைந்தது. ராஜா காசிக்கு அனுப்பப்பட்டான். பிறகு மகள் கௌரம்மாவை அழைத்துக்கொண்டு லண்டனுக்கே போனான். அந்தப் பெண் 1852-ல் கிறிஸ்தவ ஞானஸ்நானம் பெற்றபோது ஞானத்தாயாக நின்றவர் விக்டோரியா ராணி! அந்த ராஜாவின் கதையை மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் பெரிய நாவலாக எழுதியிருக்கிறார்.

1837-ல் குடகிலும் பக்கத்துச் சீமையிலும் கம்பெனிக்கு எதிராகக் கலகம் வெடித்தது. அப்போது குடகுத் திவான்களும் அவர்கள் ஆட்களும் கம்பெனி பக்கம் நின்று கலகத்தை அடக்கினார்கள். மெடல் வாங்கினார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். வீரம் எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அதுபோலவே, குடகின் வயல்களில் சேற்றை மிதித்தவர்கள் குடகர்கள் மட்டும் அல்ல. எரவர் போன்ற மலைமக்கள் தலைமுறை தலைமுறையாக அடிமை வேலை செய்தார்கள். குடகின் வீர வரலாறு எழுதுகிறவர்கள் அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

ஆயுதத்துக்குப் பூச்சூட்டும் நாள்

கொட்டும் மழையில் நடவு நடக்கும் காலத்தில் குடகர் ஆயுதத்தைத் தொடுவதில்லை. நடவு முடிந்ததும், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், "கயில்பொல்து" என்ற ஆயுத பூஜை வரும். துப்பாக்கி, வாள், வளைந்த ஒடிக்கத்தி எல்லாவற்றையும் துடைத்துப் பூஜை அறையில் வரிசையாக வைப்பார்கள். அவற்றுக்குச் சூட்டும் பூவின் பெயர் "தோக்குப் பூ". தோக்கு என்றால் துப்பாக்கி.

அது எந்தப் பூ தெரியுமா? நெருப்புப்போல் சிவந்து மஞ்சள் கரையிட்ட செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர்.

பூஜை முடிந்ததும் குடும்பத்துப் பெரியவர் இளைஞன் கையிலே துப்பாக்கியைக் கொடுத்துப் புத்தி சொல்வார். பகையைத் தேடிப் போகாதே, வந்த பகையை விடாதே என்ற தோரணையில் அந்த உபதேசம் இருக்கும். பிறகு உயரமான மரத்தின் உச்சியில் தேங்காயைக் கட்டிக் குறிபார்த்துச் சுடும் போட்டி. பெண்களும் சுடுவார்கள்.

புத்தரி அறுவடைத் திருநாள். கார்த்திகை, மார்கழியில் பௌர்ணமியை ஒட்டி வரும். எந்த ஊரில் பிழைப்பு நடத்தினாலும் அன்றைக்குக் குடும்பத்தார் பூர்வீக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இரவு நிலா வெளிச்சத்தில் விளக்கோடும் வாத்தியத்தோடும் வயலுக்கு ஊர்வலம். அங்கே வெடிச்சத்தம் கேட்டதும் முதல் கதிரை அறுப்பார்கள். "பொலி பொலி தேவா!" என்று கூட்டம் முழங்கும். கதிரைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் கட்டுவார்கள். மறுநாள் முதல் "மந்து" என்னும் ஊர்ப் பொதுவெளியில் கோலாட்டம். நம் கிராமத்து மந்தையை நினைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிச் சத்தத்தோடு நெற்கதிர் அறுக்கிற ஜனங்களை வேறு எங்கே பார்க்க முடியும்?

ஆடிப் பதினெட்டு

இன்னும் ஓர் ஆச்சரியம். நம் ஆடி மாதம் அங்கே "கக்கட" மாதம். கக்கட பதினெட்டாம் நாளில் "மத்துத் தொப்பு" என்ற ஒரு காட்டு இலையைச் சாறெடுத்துப் பாயசம் செய்து உண்பார்கள். அன்றைக்கு அந்த இலையில் பதினெட்டு மருந்து சேரும் என்று நம்பிக்கை. கருநீலமாக இருக்கும் அந்தப் பாயசம்.

அதே பதினெட்டில் திருச்சியிலும் தஞ்சையிலும் தமிழ்ப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? காவேரிக்குப் பூவும் காதோலை கருகமணியும் படைத்துப் பெருக்கைக் கொண்டாடுகிறார்கள். மேலே மலையில் மழை கொட்டினால்தானே கீழே பெருக்கு!

ஐப்பசி முதல் நாளும் அப்படித்தான். அன்று மாயவரம் துலா கட்டத்தில் முழுக்குப் போடக் கூட்டம் கூடும். அதே துலா சங்கிராந்தியில் பிரமகிரி மலையில் தலைக்காவேரிக் குண்டிகையிலிருந்து அன்னை பொங்கி வருவதைக் காணக் குடகர்கள் திரள்வார்கள். தீர்த்தத்தைக் கொண்டுபோய் வீட்டில் வைப்பார்கள். வெள்ளரிக்காய்க்கோ தேங்காய்க்கோ சிவப்புப் பட்டுச் சுற்றி, நகை போட்டு, அதையே காவேரியம்மனாக வைத்துப் பெண்கள் கும்பிடுவார்கள்.

குடகுப் பெண்கள் புடவைக் கொசுவத்தைப் பின்பக்கம் செருகுவார்கள். ஏன்? காவேரி நதியாகி ஓடியபோது பலமுரி என்ற இடத்தில் குடகர்கள் அவளைத் தடுத்து நின்றார்களாம். வெள்ளத்தின் வேகம் பெண்களின் கொசுவத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதாம். அன்று முதல் அதுவே வழக்கம் என்று கதை.

ஐயரில்லாத கலியாணம்

குடகர் இந்துக்கள். காவேரியம்மன், மழைத் தெய்வமான இக்குத்தப்பன், ஐயப்பன், பகவதி எல்லாரையும் வணங்குகிறார்கள். ஆனால் அவர்கள் பழைய முறைக் கலியாணத்தில் மந்திரம் சொல்லப் புரோகிதர் கிடையாது. விளக்கின் முன்னால் பெரியவர்கள் அரிசி தூவி வாழ்த்தினால் கலியாணம் ஆயிற்று. வரிசையாக நட்ட வாழைத்தண்டுகளை ஒரே வெட்டில் துண்டாக்கிக் கலியாணத்தில் வீரம் காட்டுவார்கள். தண்ணீர்க்குடம் சுமந்து வரும் மணப்பெண்ணை உறவினர்கள் வழிமறித்து ஆடுவார்கள். மணி நேரமானாலும் அவள் பொறுமையாக நடந்து வரவேண்டும்! விதவைக்கு மறுமணம் என்பது அங்கே புதுச் சீர்திருத்தம் அல்ல, பழைய வழக்கம்.

முன்னோரே முதல் தெய்வம். ஒரு வம்சத்துக்கு "ஒக்க" என்று பெயர். ஒக்கத்தின் மூலபுருஷன் "குரு காரணன்". வீட்டருகே அவருக்குச் சிறு கோயில் இருக்கும். குடகுப் பெயர்களில் ஒக்கத்தின் பெயர்தான் முதலில் வரும்.

நெல்வயல் ஓரத்தில் நிற்கும் பூர்வீக வீடு "ஐன்மனெ". செதுக்கிய மரத்தூண்கள், திண்ணையில் பெரியவர்கள் உட்கார அகலமான மரப்பலகை, நடுக்கூடத்தில் அணையாமல் காக்கும் விளக்கு. ஒரே கூரையின் கீழ் ஐம்பது அறுபது பேர் வாழ்ந்த வீடுகள் உண்டு.

ஒரே வீட்டின் இரண்டு தளபதிகள்

கொடந்தேர என்ற ஒக்கத்தின் பெயரை இந்தியா மறக்காது. சுதந்திர இந்தியாவின் தரைப்படைக்கு முதல் இந்தியத் தளபதியான கே.எம். கரியப்பா அந்த ஒக்கம். அவர் பொறுப்பேற்ற 1949 ஜனவரி 15-ஐத்தான் ஆண்டுதோறும் ராணுவ தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில்! 1986-ல் பீல்டு மார்ஷல் பட்டம் பெற்றார். 1993-ல் காலமானார்.

ஜெனரல் கே.எஸ். திம்மையாவும் அதே ஒக்கம். சிறுவயதில் குன்னூரில் பள்ளிக்கூடம் படித்தவர். 1948 நவம்பரில் காஷ்மீரில் பதினோராயிரம் அடிக்கு மேல் உள்ள ஜோஜிலா கணவாயில் டாங்கிகளை ஏற்றி எதிரியைத் திகைக்க வைத்தவர். 1957 முதல் 1961 வரை தளபதி. ஐ.நா. அமைதிப் படையின் தலைவராக சைப்ரஸ் தீவில் இருந்தபோது 1965-ல் இறந்தார்.

அதே 1965-ல் பாகிஸ்தான் யுத்தம். விமானப்படை வீரர் ஏ.பி. தேவய்யா சர்கோதா விமானதளத்தைத் தாக்கப் போனார். தம்முடைய விமானத்தைவிட வேகமான எதிரி விமானத்தை அடித்து வீழ்த்தினார். திரும்பவில்லை. அவர் செய்த சாகசம் வெகுகாலம் கழித்தே வெளியானது. 23 வருஷம் சென்று, 1988-ல், அவருக்கு மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது.

வீரம் விளையாட்டிலும் புகுந்தது. ஆக்கி ஆட்டத்தில் கணேஷ், கோவிந்தா, சோமய்யா. டென்னிஸில் ரோகன் போபண்ணா. 2024-ல், 43 வயதில், ஆஸ்திரேலிய இரட்டையர் பட்டத்தைப் பிடித்தார் போபண்ணா! 1997-ல் குடகுக் குடும்பங்களுக்குள் ஓர் ஆக்கிப் போட்டி தொடங்கியது. அப்போது 60 குடும்பங்கள். 2024-ல் 360 குடும்பங்கள்! தாத்தாவும் பேத்தியும் ஒரே அணியில் மட்டை பிடித்து ஓடுவதை அங்கே காணலாம்.

கரையும் செல்வம்

துப்பாக்கிக்கு வெள்ளைக்காரன் 1861-ல் கொடுத்த லைசென்ஸ் விலக்கு குடகருக்கும் ஜம்மா நிலக்காரருக்கும் இன்றும் இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு அதைப் பத்து வருஷத்துக்கு நீட்டியது. 2021-ல் கர்நாடக ஐகோர்ட்டும் அது செல்லும் என்றது. இந்த உரிமையைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு.

ஆனால் துப்பாக்கியைவிடப் பெரிய சொத்து ஒன்று கைநழுவிப் போகிறது. அதுதான் பேச்சு. 2011 ஜனத்தொகைக் கணக்கில் கொடவ தக்கைத் தாய்மொழி என்றவர்கள் 1,13,857 பேர். தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர நகரத்தின் ஜனத்தொகைகூட இதைவிட அதிகம்! அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் பட்டியலில் அதை யுனெஸ்கோ சேர்த்திருக்கிறது. பெங்களூரில் வளரும் குழந்தை ஆங்கிலம் பேசுகிறது, கன்னடம் பேசுகிறது, பாட்டி சொல்வது புரிகிறது, பதில் சொல்ல வரவில்லை.

1924-ல் நடிகேரியண்ட சின்னப்பா என்பவர் ஊர் ஊராகத் திரிந்து, துடி கொட்டிப் பாடிய பழைய பாட்டுகளைச் சேகரித்து "பட்டோலெ பழமெ" என்ற புத்தகமாக்கினார். அவர் ஒருவர் அலைந்திராவிட்டால் குடகரின் பாதிச் சரித்திரம் பாட்டிமாரோடு சுடுகாட்டுக்குப் போயிருக்கும்.

வயலும் குறைகிறது. இந்தியக் காப்பியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குடகில் விளைகிறது. காப்பியில் காசு. நெல்லில் நஷ்டம். வயல்கள் தரிசாகின்றன, அல்லது கட்டடம் முளைக்கிறது. உல்லாசப் பயணிகளுக்காக மலையை வெட்டி விடுதி கட்டுகிறார்கள். 2018 ஆகஸ்டில் குடகு மலைகள் சரிந்து ஊர்கள் மண்ணுக்குள் போயின. 2020 ஆகஸ்டில் தலைக்காவேரிக்கு மேலே பிரமகிரி மலையே சரிந்தது. கோயில் அர்ச்சகர் குடும்ப வீடு புதைந்து ஐந்து பேர் மாண்டனர்.

குடகர் முன்னோர் காட்டைக் காக்கச் சட்டம் போடவில்லை. "தேவகாடு" என்று தெய்வத்தின் பெயரில் விட்டுவைத்தார்கள். அந்தக் காட்டில் ஒரு கிளையை ஒடிக்கவும் பயம். மாவட்டத்தில் 1,200-க்கு மேற்பட்ட தேவகாடுகள் உண்டு. பல இடங்களில் வேலி நகர்ந்து வருகிறது. காப்பித் தோட்டம் உள்ளே புகுந்துவிட்டது. அந்தக் காடுகள் பிடித்துவைக்கும் மழைதான் காவேரியாக ஓடிவந்து மேட்டூரை நிரப்புகிறது.

கரியப்பாவின் மகனும் விமானப்படையில் இருந்தார். 1965 யுத்தத்தில் எதிரி கையில் சிக்கினார். பாகிஸ்தான் அதிபர் அயூப்கான் பழைய இந்தியப் பட்டாளத்தில் கரியப்பாவை அறிந்தவர். மகனைத் தனியே விடுவிக்க முன்வந்தார் என்றும், பிடிபட்ட அத்தனை பேரும் தம் பிள்ளைகளே, ஒருவனுக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று கரியப்பா மறுத்தார் என்றும் குடகில் இன்றும் சொல்வார்கள். மற்றக் கைதிகளோடு சேர்ந்துதான் அந்த மகன் வீடு திரும்பினார். குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும் பாட்டிமார் அதைக் கொடவ தக்கில்தான் சொல்கிறார்கள்.